வண்டியைச் சரிபண்ணுங்க, வள்ளம் பிழைக்கும்

நம்ம குமரி மாவட்டத்துக் கடப்புறத்தில் நின்று வள்ளத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது இஞ்சின். எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு எண்ணெய் குடிக்கும், மானியம் வந்துதா வரலையா. அடுத்தது வலை. அதுக்கடுத்தது மீன் விலை. "வள்ளத்தைக் கரையேத்துறது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள், கேட்டவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இது ஒரு கேள்வியா, பத்து பேர் பிடிச்சுத் தள்ளினா ஏறிட்டுப் போகுது!

அந்தப் பத்து பேர் தள்ளுற சமாச்சாரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு பைபர் வள்ளம் நடுக்கடலில் படுகிற அடியை விட, கரையில் கடைசி ஐம்பது மீட்டரில் படுகிற அடிதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது என்பது என் கட்சி. அதற்கு மருந்து ரொம்பப் பெரிய விஷயமும் இல்லை. கரையேற்றுகிற வண்டியை அந்த வள்ளத்தின் வயிற்றுக்குத் தக்கபடி சரிசெய்து வைத்தால் போதும். படகுக்கும் இஞ்சினுக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த வண்டியை மறந்துபோவது ஏன் என்பதுதான் என் ஆதங்கம்.

கடல் பக்கம் வராத மக்களுக்காக மூன்று வார்த்தை சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. படகின் முன்பக்கம் அணியம். பின்பக்கம் அமரம். அடியில் நீளவாக்கில் முதுகெலும்பு மாதிரி ஓடுவது ஏரா. அவ்வளவுதான்.

முதலில் பழைய கதை. கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஏன்னா அதுக்கு வயிறே கிடையாது. கனம் குறைந்த மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை மேலே ஏறி இறங்கிப் போகும், உள்ளே தண்ணீர் தங்க இடமில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, தடிதடியாகத் தூக்கிக் கொண்டுபோய் வெயிலில் காயப்போடலாம். நாலு பேர் தூக்குகிற கனத்துக்கு மேல் எந்தத் துண்டும் இருக்காது. அதாவது கரையேற்றுவதை முதலில் யோசித்துவிட்டுத்தான் அந்த மரத்தையே நம்மாட்கள் அமைத்திருக்கிறார்கள்.

சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலா படகும் அப்படித்தான். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மதராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பலில் இருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது அதுதான். அலை தூக்கி மணலில் அடித்தால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். கரையில் மோதுவது உறுதி என்று தெரிந்து செய்த படகு அது.

பிறகு காலம் மாறியது. கட்டுமரத்துக்கான பெரிய மரங்கள் கிடைப்பது அருகியது, விலையும் ஏறியது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடா திட்டம், அலையில் வந்து மணலில் ஏறுகிற படகுகளை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தது. கரை நெருங்கும்போது புரொப்பல்லர் மணலில் இடிக்காமல் இருக்க, அதை மேலே தூக்கிக்கொள்கிற அமைப்பெல்லாம் அந்தப் படகுகளில் வைத்தார்கள். நம்ம முட்டத்திலேயே 1980-களின் தொடக்கத்தில் பிளைவுட் படகு கட்டும் வேலை நடந்தது. அதில் ஈடுபட்டிருந்த பியேர் ஜில்லே அந்தப் பாடுகளை எல்லாம் 1985-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று தலைப்பு. சின்னப் படகு செய்வது லேசான காரியமில்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் மனுஷன் :-)

அப்புறம் பைபர் வந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அது வெள்ளமாக வந்தது. இழந்தவர்களுக்குச் சீக்கிரம் படகு கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தொண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கொடுத்தன. படகு கட்டும் கொட்டகைகள் திடீர் திடீரென்று முளைத்தன. எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. மணலில் ஏறுகிற பைபர் படகை எப்படிக் கட்ட வேண்டும் என்று அதே உணவு வேளாண்மை நிறுவனம் ஒரு பயிற்சிக் கையேடு போட்டது 2010-ல். அதற்குள் படகுகள் கொடுத்து முடித்தாகிவிட்டது.

ஆக, கட்டுமரத்தில் இருந்து பைபருக்கு மாறினோம். இஞ்சின் மாறியது, வலை மாறியது, போகிற தூரம் மாறியது. கரையேற்றுகிற முறை மட்டும் கட்டுமரக் காலத்திலேயே நிற்கிறது. இதுதான் சிக்கலின் வேர்.

சரி, பைபருக்கு என்ன ஆகும்?

பைபர் என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. மேலே வழவழப்பாகத் தெரிவது ஜெல்கோட் என்கிற மெல்லிய தோல். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அந்தத் தோல்தான். பைபர் பரவலான அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். கடல் தண்ணீர் அடியில் முழுக்கச் சமமாகத் தாங்கிப் பிடிக்கும்போது அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் குத்துகிற பாரம் அதற்கு ஆகாது. ஒரு கல், ஒரு கட்டையின் விளிம்பு, ஒரு போல்ட்டின் தலை போதும். வெளியே சின்னதாக நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும். உள்பக்கம் இழை பிசினை விட்டுப் பிரிந்திருக்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் இழைக்குள் ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி. ஒரு வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு படகு கனக்கும், அடி தட்டினால் 'டங்' என்று கேட்பதற்குப் பதிலாக 'தொப்' என்று கேட்கும். ஒருநாள் அலையில் விழும்போது அந்த இடம் விட்டுக்கொடுக்கும். அப்போது எல்லோரும் "கடல் உடைச்சிட்டு" என்பார்கள். கடல் பாவம். உடைத்தது கரை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இஞ்சின், சாமான் எல்லாம் சேர்த்து வள்ளம் ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அறுநூறு கிலோ ஏராவின் அடியில் இரண்டே இரண்டு இடத்தில், உள்ளங்கை அகலத்தில் (பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்) உட்காருகிறது. சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ. அதே அறுநூறு கிலோவை இரண்டு மீட்டர் நீளம், பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பலகைகள் மேல் உட்கார வைத்தால்? சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிராம். முப்பதில் ஒரு பங்கு! வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறும்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். நாம் செய்ய வேண்டிய வேலை முழுக்க இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

இனி கரையைப் பாருங்கள். குமரிக் கடற்கரை மொத்தமே எழுபது கிலோமீட்டர் சுமார்தான், அதற்குள் நாற்பதுக்கும் மேல் ஊர்கள். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று துறைமுகங்கள் இருக்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர் துறைமுகம் கிடையாது. பல ஊர்களில் வள்ளம் இன்றைக்கும் மணலில்தான் ஏறுகிறது. அந்த மணலும் குறைந்துகொண்டே வருகிறது. கடலரிப்புக்கு என்று போட்ட கல்சுவரும் தூண்டில் வளைவும் சில ஊர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கல்சுவருக்கு முன்னால் மணல் நிற்காது. இருந்த அகலமான கரை போய், இரண்டு கல்குவியலுக்கு நடுவில் ஒரு சந்து மிஞ்சுகிறது. அந்தச் சந்து வழியாக அத்தனை வள்ளமும் ஏற வேண்டும். முன்பு மணலில் தேய்ந்தது இப்போது கல்லில் தேய்கிறது.

டிராக்டர் கிடைக்கிற இடத்தில் அணியத்தில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். சென்னைப் பக்கம் கடற்கரைகளில் இது சாதாரணமான காட்சி. மனுஷ முதுகுக்கு நல்லது, வள்ளத்துக்கு? ஆள் தள்ளும்போது எங்கேயாவது இடித்தால் கை உணரும், "நில்லுல மக்கா" என்று ஒருத்தன் கத்துவான். டிராக்டருக்குக் கை கிடையாது. அடியில் கல் இருந்தாலும் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

தங்கல் தொழிலுக்கு, அதாவது வேறு கரைகளில் போய் மாதக்கணக்கில் தங்கி மீன் பிடிக்க, வள்ளத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதும் உண்டு. லாரித் தளத்தில் நாலு பழைய டயரைப் போட்டு அதன் மேல் வள்ளத்தை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். டயர் நல்ல மெத்தைதான். ஆனால் டயர் எங்கே உட்காருகிறது, உள்ளே குறுக்குச் சட்டம் இருக்கிற இடத்திலா, வெறும் தோல் இருக்கிற இடத்திலா என்று யாரும் பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒவ்வொரு குழியும் அதே இடத்தில் குத்தும்.

சரி, வண்டியை எப்படிச் சரிசெய்வது? பட்டறைக்காரரிடம் சொல்லும்போது உதவும் என்று வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

1. ஏராதான் பாரம் தாங்க வேண்டும். பக்கத்துப் பலகைகள் வள்ளம் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். பல வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். பக்கப் பலகை உயரமாக இருந்து ஏரா அந்தரத்தில் தொங்கும், பாரம் முழுக்க மெல்லிய பக்கச்சுவரில். சோதிப்பது சுலபம். வள்ளத்தை வண்டியில் ஏற்றிய பிறகு ஏராவுக்கும் அடித் தாங்கிக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். லேசாக நுழைந்தால் பக்கப் பலகையை இறக்க வேண்டும்.

2. பக்கப் பலகையின் சாய்வு வள்ளத்தின் அடிச் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும். விளிம்பு மட்டும் தொட்டால் அது பலகை இல்லை, கத்தி. பலகையைச் சட்டத்தோடு வெல்டு வைத்து ஒட்டிவிடாமல், ஒரு போல்ட்டில் ஆடுகிற மாதிரி மாட்டினால் வள்ளத்தின் சாய்வுக்குத் தானே திரும்பி உட்காரும். தாங்கிக் கால்களில் வரிசையாகத் துளை போட்டு வைத்தால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இந்த இரண்டும் இருந்தால் ஒரே வண்டி பல வள்ளத்துக்கு ஆகும்.

3. தாங்குகிற இடம், உள்ளே குறுக்குச் சட்டம் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே வர வேண்டும். உள்ளே அளந்து வெளியே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். லாரியில் ஏற்றும்போதும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் டயர்.

4. அமரம் தொங்கக் கூடாது. இதில்தான் முக்கால்வாசி வண்டிகள் தவறுகின்றன. இஞ்சின் நாற்பது கிலோ அளவுக்கு அமரத்துப் பலகையில் தொங்குகிறது. அதற்குக் கீழே தாங்கி இல்லாமல் ஒன்று இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடிப்பகுதி கொக்கி மாதிரி வளையப் பார்க்கும். நாளடைவில் அந்த வளைவு நிரந்தரமாகிவிட்டால் ஓட்டமே மாறிப்போகும். தாங்கிப் பலகை அமரம் வரைக்கும் நீள வேண்டும். முடியாவிட்டால் இஞ்சினைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.

5. அச்சு எங்கே வர வேண்டும்? காலி வள்ளத்தைச் சம மணலில் ஒரு உருளைத்தடி மேல், நடுவில் பலகை கொடுத்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிற இடம் தெரியும். இஞ்சினோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. வண்டியின் அச்சு அந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், அமரப் பக்கமாக வர வேண்டும். வாகனத்தில் இழுப்பதானால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் முன் கொக்கியில் இறங்குகிற மாதிரி. கையால் இழுப்பதானால் இருபது முப்பது கிலோ போதும். பின்பாரம் கூடினால் வண்டி முன்பக்கம் தூக்கும், வள்ளம் பின்னால் வழுக்கி அமரம் தரையில் அடிக்கும்.

6. பலகைக்கு மேல் என்ன போடுவது? ஏரியில் படகு விடுகிறவர்கள் கார்பெட் ஒட்டுவார்கள். நம்ம கரைக்கு அது ஆகாது. மணல் அதில் புகுந்து உப்புத்தாள் மாதிரி ஜெல்கோட்டைத் தேய்க்கும். பழைய கன்வேயர் பெல்ட், வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் பட்டை இவை தேவலை, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மணல் போய்விடும். ஆணி, போல்ட் தலை எல்லாம் பலகைக்குள் புதைந்திருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், விரலுக்கு இடித்தால் வள்ளத்துக்கும் இடிக்கும்.

7. டயர் அகலமானதாக இருக்கட்டும், மணலில் காற்றைக் குறையுங்கள். டயர் தரையில் கொடுக்கிற அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம்தான். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்காரும், புதையாது. ரோட்டுக்குப் போகும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும், மறந்தால் டயர் போய்விடும்.

இனி ஏற்றுகிற முறை. முதலில் வள்ளத்தில் தண்ணீர், ஈர வலை, மீன் எல்லாவற்றையும் இறக்குங்கள். பத்துக் குடம் தண்ணீர் உள்ளே கிடந்தாலே நூற்றைம்பது கிலோ. அணியம் வண்டியின் நடுவுக்கு நேராக வந்த பிறகே இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் குழாய் நட்டு வைத்தால் அலை பக்கவாட்டில் தள்ளினாலும் வள்ளம் நடுவிலேயே நிற்கும். வண்டியை ரொம்ப ஆழத்தில் இறக்கினால் வள்ளம் மிதந்து கோணலாக உட்காரும், ஆழம் போதாவிட்டால் அணியம் தாங்கியில் மோதும். அணியம் தொட்டு, அமரம் இன்னும் மிதந்துகொண்டிருக்கிற ஆழம் சரி. இழுகயிறு நீளமாக இருக்கட்டும். குட்டைக் கயிற்றில் உயரமான டிராக்டர் இழுத்தால் அணியத்தைத் தூக்கி, பாரம் முழுவதையும் ஏராவின் பின்முனையில் போட்டுவிடும். ரோட்டில் ஓடிவந்த வண்டியை உடனே கடலில் இறக்காதீர்கள். சூடான பேரிங் சட்டென்று குளிரும்போது உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு டீ குடித்துவிட்டு இறக்கலாம்.

அலை நம் சொல்லைக் கேட்குமா என்று கேட்பீர்கள். கேட்காது. ஆனி ஆடி மாதக் கடலில் மேலே சொன்னதில் பாதி நடக்காது என்பது எனக்கும் தெரியும். அலை தூக்கிப் போட்ட இடத்தில் வள்ளம் விழும், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். ஆனால் அலைக்கோட்டைத் தாண்டிய பிறகு மேட்டுக்கு ஏற்றுகிற தூரம் இருக்கிறதே, அது முழுக்க நம் கையில் இருப்பது. இழுப்பிலேயே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். எட்டுக்கு ஒன்று சரிவில் ஒரு டன்னை மேலே ஏற்ற, சரிவுக்காக மட்டும் நூற்றிருபத்தைந்து கிலோ இழுவை வேண்டும். வெறும் மணலில் உரசி இழுத்தால் உரசலுக்கு எடையில் பாதி சேர்த்து அறுநூறு கிலோவைத் தாண்டும். காற்று குறைத்த அகல டயரில் அதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். மணலின் ஈரத்தைப் பொறுத்து இந்த எண் கூடும் குறையும். ஆனாலும் பன்னிரண்டு பேர் வேலையை ஆறு பேர் செய்யலாம். ஊரில் இளவட்டங்கள் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்ட காலத்தில் இது சின்ன விஷயமா?

எதிர்க்கருத்துகள் எனக்குத் தெரியும். முதலாவது, "துரு". உப்புக்காற்றில் இரும்பு வண்டி இரண்டு வருஷம் தாங்காது என்பார்கள். கருப்பு இரும்பில் செய்து பெயிண்ட் அடித்தால் தாங்காதுதான். துத்தநாகம் பூசிய சட்டத்தில் செய்து, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவினால் தாங்கும். இரண்டாவது, "காசு". ஆளுக்கு ஒரு வண்டி வாங்கச் சொல்லவில்லை. ஒரு கரைக்கு இரண்டு மூன்று, சங்கத்தின் பொறுப்பில், உயரம் மாற்றக்கூடியதாக. இந்த வள்ளத்துக்கு எத்தனையாவது துளை என்று வள்ளத்தின் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் சண்டையும் இல்லை. மூன்றாவது, "பொதுச்சொத்துன்னா எவனும் பார்க்க மாட்டான்". இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் 1980-ல் உருவாகி இத்தனை காலம் நிற்கிறது. பொதுவில் ஒன்றை நடத்த நம் கடப்புறத்து ஆட்களுக்குத் தெரியாது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரிய படகுகளுக்கு இந்த மரியாதை ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகிற பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகளைப் பராமரிப்புக்காகச் சின்னமுட்டத்தில் கரையேற்றுவார்கள். அடியில் தாங்கி கொடுத்து, பார்த்துப் பார்த்து மெதுவாக இழுப்பார்கள். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. கிழக்கே ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1-ல் இருந்து ஜூலை 31 வரை. அந்த நாட்களில் கரையேற்றி அடிப்பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுகிற படகுக்கு இத்தனை கவனம். தினம் ஏறி இறங்குகிற வள்ளத்துக்கு உருளைத்தடியும் ஐலசாவும்!

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. பிரிட்டனில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கிற ஆர்.என்.எல்.ஐ. என்ற அமைப்பு 2014-ல் ஷானன் என்ற மீட்புப் படகைச் சேவையில் இறக்கியது. கடற்கரையில் இருந்து இறங்குகிற ஷானன் படகுக்கு என்றே டிராக்டரும் தொட்டிலும் சேர்ந்த ஒரு தனி வண்டி. படகு நேராக மணலில் ஏறி நிற்கும், தொட்டில் அதை வாரி எடுத்து, அப்படியே திருப்பி, மறுபடி கடலைப் பார்க்க வைத்துவிடும். அவ்வளவு செலவு நமக்குக் கட்டாது. நான் எடுத்துக்கொள்வது ஒரு விஷயத்தை மட்டும். படகும் வண்டியும் அவர்களுக்கு ஒரே சாமான், தனித்தனிச் சாமான் கிடையாது.

நம்மூரில்? 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்குப் பழைய படகுக்கு மாற்றாகப் புதுப் படகும் வலையும் தருகிற பிரிவு வைத்தார்கள். வெளிப்பொருத்து இயந்திரத்துக்கு மாநில அரசு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. நல்லது. அந்த வரிசையில் கரையேற்றும் வண்டி என்று ஒரு வரியைச் சேர்க்க என்ன தடை? படகு கட்டிக் கொடுக்கிறவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏராவின் அடியில் தேய்ந்தால் கழற்றி மாற்றுகிற மாதிரி ஒரு பட்டை, குறுக்குச் சட்டம் எங்கே என்று வெளியில் குறி, காலி எடை எவ்வளவு, பாரம் நிற்கிற நடு எது என்று எழுதிய ஒரு தாள். ஐம்பது பைசா செலவில்லாத தாள். கல்சுவர் கட்டுகிற துறை, சுவரில் விடுகிற வழியில் கான்கிரீட் சரிவு ஒன்றையும் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இது வெறும் பெயிண்டு போகிற பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கள்ளக்கடல் வருகிற காலம் இது. 2024 மே மாதம் நம்ம கரையில் அது என்ன செய்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். காற்றும் இல்லை, மழையும் இல்லை, எங்கேயோ தெற்கே புரண்ட கடல் இங்கே வந்து ஏறுகிறது. எச்சரிக்கை இப்போது முன்கூட்டியே வருகிறது, கைபேசியிலேயே வருகிறது. வந்தபிறகு செய்ய வேண்டியது என்ன? கரையில் கிடக்கிற வள்ளங்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ராத்திரி நேரம், கிடைக்கிற ஆள் பத்துப் பதினைந்து, வள்ளம் ஐம்பது அறுபது. அவசரத்தில் கல்லின் மேல் இழுத்து அடியைப் பிளக்கிற வள்ளங்களுக்கும், ஏற்ற முடியாமல் அலையில் ஒன்றோடு ஒன்று மோதுகிற வள்ளங்களுக்கும் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? இரண்டு நல்ல வண்டி அந்த ராத்திரியில் எத்தனை குடும்பத்தின் கடனைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பாருங்கள். வள்ளம் போனால் வட்டி நிற்காது பாத்துக்கிடுங்க.

இது மீன்வளத்துறை மட்டும் செய்கிற காரியமும் இல்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமே இல்லை. கடைசி வருஷத்துப் பிள்ளைகள் எங்கேயோ கடையில் புராஜெக்ட் விலைக்கு வாங்குவதை விட, ஒரு நாள் கடப்புறத்துக்குப் போய் நாலு வள்ளத்தின் அடியை அளந்து ஒரு வண்டி செய்து பார்க்கலாம். அளக்கும்போது அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு அளந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எந்த இடத்தில் கை வைத்துத் தூக்கலாம், எந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நாகப்பட்டினம், ராமநாதபுரம், யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மக்கள் யாராவது இதைப் படித்தால், உங்க கரையில் வள்ளத்தை எப்படி ஏத்துதீங்க, வண்டி உண்டுமா, அதில் என்ன மாற்றம் செஞ்சிருக்கீங்க என்று எழுதுங்க. படம் இருந்தால் ரொம்ப நல்லது.

டிஸ்கி: பட்டறைக்காரர் "எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க போங்க" என்று சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். அந்தக் காகிதத்தை மட்டும் ஏராவுக்குக் கீழே செருகிக் காட்டுங்க :-)